டெக்ஸாஸ் கோடை வகுப்புகள்: கணக்கு, வரலாறு, பொது நிர்வாகம் எடுக்கப் போகிறவர்களுக்கு

டெக்ஸாஸ் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்து ஒரு வருடம் ஓடியதும், கோடையில் ஒன்றிரண்டு பாடங்களை முடித்துவிடலாமே என்று தோன்றும். நல்ல யோசனைதான். ஐந்தே வாரத்தில் மூன்று கிரெடிட் கிடைக்கும். வீட்டுக்குப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டாண்டு அரசுக் கல்லூரி) எடுத்தால் செலவும் கையைக் கடிக்காது. ஆனால் எடுத்த பாடம் டிகிரிக் கணக்கில் ஏறாமல் போவது, இரண்டு நாள் தயங்கியதில் கட்டிய பணம் போவது, ஒரு தடுப்பூசிச் சீட்டு இல்லாமல் பதிவு முடங்குவது என்று கோடைக்கே உரிய சிக்கல்கள் உண்டு. செமஸ்டரில் ஒரு வாரம் தள்ளிப்போட்டாலும் சமாளிக்கலாம். கோடையில் ஒரு நாளைக்குக்கூட விலை இருக்கிறது.

கீழே உள்ளவை டெக்ஸாஸுக்கு மட்டும் பொருந்தும். மற்ற மாநிலங்களின் சட்டமும் பாட எண்களும் வேறு.

1. பாட எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

டெக்ஸாஸில் கல்லூரிகளுக்குப் பொதுவான பாட எண் முறை ஒன்று உண்டு. நான்கு இலக்கம். முதல் இலக்கம் எந்த ஆண்டுப் பாடம் என்பதையும், இரண்டாவது எத்தனை கிரெடிட் என்பதையும், கடைசி இரண்டும் வரிசையையும் காட்டும். ஹிஸ்டரி 1301 என்றால் முதலாண்டுப் பாடம், மூன்று கிரெடிட், அமெரிக்க வரலாற்றின் முதல் பகுதி. 1302 அதன் இரண்டாம் பகுதி. மேத் 2413 என்பது நான்கு கிரெடிட் கால்குலஸ் ஒன்று, 2414 கால்குலஸ் இரண்டு, 2415 கால்குலஸ் மூன்று.

கால்குலஸையே மூன்று கிரெடிட் பாடமாக, 2313 என்ற எண்ணில் நடத்தும் கல்லூரிகளும் உண்டு. உங்கள் பல்கலைக்கழகம் நான்கு கிரெடிட் கேட்டால் அந்த ஒரு கிரெடிட் துண்டு விழும். அதை நிரப்ப இன்னொரு பாடம் தேட வேண்டியிருக்கும். ஆகவே பெயரைப் பார்த்துப் பதியாதீர்கள், இரண்டாவது இலக்கத்தைப் பாருங்கள்.

சில பல்கலைக்கழகங்கள் சொந்த எண்ணை வைத்திருக்கின்றன. டெக்ஸாஸ் ஏ அண்ட் எம்மில் ஹிஸ்டரி 105 என்பதுதான் வெளியே 1301, மேத் 151 என்பதுதான் 2413. பாடப் பட்டியலில் பொது எண்ணும் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும்.

2. உங்களுக்கு உண்மையில் எது தேவை?

அரசுப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் வாங்கும் எல்லாரும் அமெரிக்க வரலாற்றில் ஆறு கிரெடிட்டும், அரசாங்கம் பற்றிய பாடத்தில் ஆறு கிரெடிட்டும் முடித்திருக்க வேண்டும் என்பது டெக்ஸாஸ் சட்டம். இன்ஜினியரிங் படித்தாலும், சென்னையில் இரண்டு வருடம் முடித்துவிட்டு வந்து சேர்ந்தாலும் விலக்கு இல்லை. ரைஸ், பெய்லர் போன்ற தனியார் பல்கலைக்கழகங்களை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது.

இந்தப் பன்னிரண்டு கிரெடிட்தான் கோடைக்கு ஏற்ற சரக்கு. ஹிஸ்டரி 1301, 1302, கவர்ன்மென்ட் 2305, 2306 ஆகிய நான்கும் அநேகமாக எல்லாக் கம்யூனிட்டி காலேஜிலும் ஒவ்வொரு கோடையும் நடக்கும். வரலாற்றின் ஆறில் மூன்று கிரெடிட்டை டெக்ஸாஸ் மாநில வரலாறான 2301-ஐக் கொண்டு நிரப்பவும் சட்டம் இடம் தருகிறது.

தவறுகிற இடங்கள் இரண்டு. உலக நாகரிக வரலாறு (2321, 2322) சுவையாக இருக்கும் என்று சிலர் எடுப்பார்கள். சுவையாகத்தான் இருக்கும், ஆனால் அமெரிக்க வரலாற்றுக் கணக்கில் சேராது. அடுத்தது, கவர்ன்மென்ட் 2305 என்பதைப் பொது நிர்வாகம் என்று எண்ணிக்கொள்வது. அது அரசியல் சட்டமும் தேர்தலும் காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றமும் பற்றிய இளநிலைப் பாடம். பொது நிர்வாகம் பெரும்பாலும் முதுநிலைப் படிப்பு, அதற்கு விதிகளே வேறு. எட்டாம் படியில் வருகிறது.

சந்தேகம் இருந்தால் பாடத்தின் பக்கத்தில் மூன்று இலக்கக் குறியீட்டைத் தேடுங்கள். மாநிலப் பொதுப் பாடத்திட்டத்தில் 060 என்றால் அமெரிக்க வரலாறு, 070 என்றால் அரசாங்கம், 020 என்றால் கணிதம். அந்த எண் இருந்தால் மாநிலத்தின் எந்த அரசுக் கல்லூரியில் எடுத்தாலும் அந்தப் பிரிவில் ஏறும்.

வரலாற்றுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. கிளெப் தேர்வு எழுதியே 1301, 1302 இரண்டுக்கும் கிரெடிட் வாங்கலாம். ஒரு தேர்வுக்கு நூறு டாலருக்குள் கட்டணம், தேர்வு மையம் தனியாகக் கொஞ்சம் கேட்கும். உங்கள் பல்கலைக்கழகம் எத்தனை மதிப்பெண் எதிர்பார்க்கிறது என்பதை முதலில் பாருங்கள். மருத்துவப் படிப்புக்கோ சட்டப் படிப்புக்கோ போகிறவர்கள் தேர்வுக் கிரெடிட்டை அந்தக் கல்லூரிகள் எப்படிப் பார்க்கும் என்று கேட்டுக்கொண்டு முடிவெடுக்க வேண்டும்.

3. ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்

வேறு கல்லூரியில் எடுப்பதானால் பிப்ரவரி, மார்ச்சிலேயே உங்கள் பல்கலைக்கழகத்தில் பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் அட்வைசருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நேரில் கேட்டு, அவர் தலையாட்டியதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். மின்னஞ்சலில் நான்கு விவரம் இருக்கட்டும்: கல்லூரியின் பெயர், பாட எண், எந்தக் கோடைப் பருவம், உங்கள் டிகிரியில் எந்த இடத்தை அது நிரப்ப வேண்டும். கடைசி விவரம்தான் முக்கியம். ‘கிரெடிட் வரும்’ என்பதும் ‘டிகிரிக்கு உதவும்’ என்பதும் வேறு வேறு. எதற்கும் பயன்படாத உதிரிக் கிரெடிட்டாகப் போய் உட்கார்ந்துகொள்ளும் பாடங்கள் ஏராளம்.

சில துறைகள், குறிப்பாக இன்ஜினியரிங்கும் வணிகமும், சேர்ந்த பிறகு கால்குலஸை வெளியே எடுப்பதற்கு முன் அனுமதிப் படிவம் கேட்கும். சில துறைகள் சி போதும் என்னும், சில பி கேட்கும். வெளியில் எடுத்த பாடத்தின் கிரேடு பொதுவாக உங்கள் ஜி.பி.ஏ.-வில் சேராது, கிரெடிட் மட்டும் வரும். ஜி.பி.ஏ.-வை உயர்த்த வேண்டியவர்கள் சொந்தப் பல்கலைக்கழகத்தில் எடுத்தால்தான் பலன்.

எவ்வளவுதான் வெளியில் எடுக்கலாம் என்பதற்கும் வரம்பு இருக்கிறது. தென் மாநிலங்களின் அங்கீகார அமைப்பின் விதிப்படி இளநிலைக் கிரெடிட்டில் நான்கில் ஒரு பங்காவது, முதுநிலையில் மூன்றில் ஒரு பங்காவது பட்டம் தரும் இடத்திலேயே எடுத்திருக்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் இதற்கு மேலும் கேட்கலாம்.

4. ஆவணங்கள்

விண்ணப்பத்தில் ‘வருகை மாணவர்’ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். இதை ‘டிரான்சியன்ட்’ என்றும் சொல்வார்கள். ‘புதிய மாணவர்’ என்றோ ‘மாறி வரும் மாணவர்’ என்றோ குறித்துவிட்டால் பழைய பள்ளிச் சான்றிதழ் முதல் எல்லாவற்றையும் கேட்பார்கள், ஒரு மாதம் அதிலேயே போய்விடும்.

தயாராக வைத்திருக்க வேண்டியவை: பாஸ்போர்ட் அல்லது ஓட்டுநர் உரிமம், உங்கள் பல்கலைக்கழக டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் சான்று), குடியிருப்புக்கு ஆதாரமாக வாடகை ஒப்பந்தம் போன்றவை, விசாவில் இருப்பவர்களுக்கு ஐ-20 (மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம்), ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததன் பதிவு). டிரான்ஸ்கிரிப்ட் எதற்கென்றால் இரண்டு காரணம். ஒன்று, டி.எஸ்.ஐ. எனப்படும் கல்லூரித் தகுதித் தேர்விலிருந்து விலக்குக் காட்ட. இரண்டு, முன்பாடம் முடித்ததைக் காட்ட. கால்குலஸ் இரண்டுக்குப் பதியப் போனால் அந்தக் கல்லூரியின் கணினிக்கு நீங்கள் கால்குலஸ் ஒன்று முடித்தது தெரியாது, தடுத்துவிடும். டிரான்ஸ்கிரிப்ட்டை அனுப்பி, கணிதத் துறையில் ஒருவர் கையால் அந்தத் தடையை நீக்க வேண்டும். இதற்குச் சில நாள் பிடிக்கும். பிளஸ் டூவில் தொகையீடும் வகையீடும் படித்தோம் என்பதை யாரும் முன்பாடமாக ஏற்க மாட்டார்கள்.

இனி தடுப்பூசி. இந்தியாவிலிருந்து வந்தவர்களை அதிகம் தடுமாற வைப்பது இதுதான். 22 வயதுக்குக் குறைந்தவர்கள், கல்லூரி வளாகத்துக்குள் வகுப்புக்குப் போவதானால், மூளைச்சவ்வுக் காய்ச்சலுக்கான தடுப்பூசி கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் போட்டிருக்க வேண்டும். வகுப்பு தொடங்க குறைந்தது பத்து நாள் இருக்கும்போதே போட்டிருக்கவும் வேண்டும். ஜூன் 2 அன்று வகுப்பு என்றால் மே 30 அன்று ஊசி போட்டுக்கொண்டு போய் நின்று பயனில்லை. நம் ஊர் அரசுத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லாததால், சின்ன வயதில் போட்டிருப்பார்கள் என்று நம்பிவிடாதீர்கள். உங்கள் பல்கலைக்கழகத்தில் சேரும்போது போட்டிருந்தால் அந்தச் சீட்டின் நகலே போதும். முழுக்க ஆன்லைன் வகுப்பு என்றால் தேவையில்லை. காப்பீடு இல்லாமல் மருந்துக் கடையில் போட்டால் நூறு டாலரைத் தாண்டும், அதனால் முதலில் மாவட்டச் சுகாதார மையத்தில் கேளுங்கள்.

5. விசாவில் இருப்பவர்களுக்கு

எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குக் கோடை விடுமுறைப் பருவம். அதில் வகுப்பு எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எடுத்தால் ஒரு பாடம் போதும், ஆன்லைனாக இருந்தாலும் சரி. விதிவிலக்கு இரண்டு. உங்கள் படிப்பே கோடையில்தான் தொடங்குகிறது என்றால் முழுநேர மாணவராகப் பதிய வேண்டும். ஆன்லைனில் ஒரே ஒரு பாடம், அதாவது மூன்று கிரெடிட், மட்டுமே அந்த முழுநேரக் கணக்கில் சேரும். ஆகஸ்டில் பட்டம் வாங்குகிறீர்கள், கோடைதான் கடைசிப் பருவம் என்றால், மீதி இருப்பதை மட்டும் எடுக்கலாம். ஆனால் அதற்குப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டும், ஒரு பாடமாவது நேரில் நடக்க வேண்டும். மீதம் இருந்த ஒரே வரலாற்றுப் பாடத்தை ஆன்லைனில் எடுத்துச் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

வேறு கல்லூரியில் எடுப்பதானால் ஐ-20 மாற்ற வேண்டியதில்லை. ஆனால் சர்வதேச அலுவலகத்துக்குத் தெரிவித்து, அவர்கள் தரும் கடிதத்தை அங்கே கொடுங்கள். பல கம்யூனிட்டி காலேஜ்கள் அந்தக் கடிதம் இல்லாமல் பதிவைத் திறக்காது.

எச்-4 விசாவில் இருப்பவர்கள் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தினர்) தாராளமாகப் படிக்கலாம். எஃப்-2 (எஃப்-1 மாணவரின் குடும்பத்தினர்) என்றால் பகுதிநேரமாக மட்டும். சுற்றுலா விசாவில் வந்திருக்கும் தங்கையை ‘சும்மா இருக்கிறாளே, ஒரு கோர்ஸ் எடுக்கட்டும்’ என்று கிரெடிட் வகுப்பில் சேர்க்கக் கூடாது. பி-2 விசாவில் கிரெடிட் படிப்பு சட்டமீறல். விசா மாற்ற விண்ணப்பம் போட்டிருந்தாலும், அது ஒப்புதலாகி வரும்வரை வகுப்பில் உட்காரக் கூடாது.

6. பணம்

கம்யூனிட்டி காலேஜில் மூன்று விலை உண்டு: கல்லூரி மாவட்டத்துக்குள் குடியிருப்பவர், மாவட்டத்துக்கு வெளியே உள்ள டெக்ஸாஸ்வாசி, வெளிமாநிலத்தவர் அல்லது வெளிநாட்டவர். முதல் வகைக்கு ஒரு கிரெடிட் பெரும்பாலும் நூறு டாலரை ஒட்டியே இருக்கும். மூன்றாம் வகைக்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. எஃப்-1 விசாவில் எத்தனை வருடம் இருந்தாலும் அது குடியிருப்புக் கணக்கில் சேராது. எச்-1பி விசாவில் இருக்கும் பெற்றோர் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் டெக்ஸாஸில் வாழ்ந்து, இங்கேயே நிலைத்ததற்கான ஆதாரமும் காட்டினால் பிள்ளைகள் உள்ளூர் விலைக்குத் தகுதி பெறலாம். கணினி தானாகவே ‘வெளிநாட்டவர்’ என்று போட்டுவிடும், அதனால் ஆவணத்தைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். சில கல்லூரிகளில் கல்லூரி மாவட்ட எல்லை தெருவுக்குத் தெரு மாறும். அஞ்சல் எண்ணை நம்பாமல் உங்கள் வீட்டு முகவரியைப் போட்டுப் பாருங்கள்.

பல்கலைக்கழகத்தில், சட்டம் சொல்லும் அடிப்படைக் கட்டணம் உள்ளூர்வாசிக்கு ஒரு கிரெடிட் 50 டாலர்தான். அந்த எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். அதன் மேல் பல்கலைக்கழகம் தானாக வைக்கும் ட்யூஷன், துறைக் கட்டணம், நூலகம், மருத்துவம் என்று ஏறி, உண்மையான பில் பல மடங்காகும்.

ஆயிரம் டாலருக்குக் குறையாத போட்டி உதவித்தொகை வாங்கும் வெளிநாட்டு மாணவருக்கு உள்ளூர் விலையே போடப் பல்கலைக்கழகத்துக்கு அதிகாரம் உண்டு. பாதிநேர டீச்சிங் அசிஸ்டென்ட் வேலையில் இருப்பவர்களுக்கும் அப்படியே. இந்தச் சலுகை கோடைக்கும் நீளுமா என்பது உதவித்தொகைக் கடிதத்தின் வாசகத்தைப் பொறுத்தது. ‘இலையுதிர், வசந்தம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் கோடையில் முழு வெளிநாட்டவர் பில் வரும். பதியும் முன் மின்னஞ்சலில் கேட்டு வையுங்கள்.

பணம் கட்டும் கடைசித் தேதியை விட்டால் கணினி உங்களை வகுப்பிலிருந்து தானாக நீக்கிவிடும். திரும்பப் போனால் இடம் நிரம்பியிருக்கும். அதேசமயம் ‘பணம் கட்டாவிட்டால் நீக்கிவிடுவார்கள், நாம் ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்று நம்பி விடுவதும் ஆபத்து. தவணைத் திட்டத்திலோ உதவித்தொகையிலோ ஒரு சிறு தொகை ஏறியிருந்தாலும் பதிவு நிற்கும், வகுப்புக்குப் போகாமலே எஃப் கிரேடு விழும்.

7. நான்காம் நாள்

‘கோடை ஒன்று’ எனப்படும் பருவம் ஜூன் முதல் வாரவாக்கில் தொடங்கி ஜூலை தொடக்கத்தில் முடியும். கோடை இரண்டு ஜூலையில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடியும். இடையில் ஜூன் 19, ஜூலை 4 விடுமுறைகள். இவ்வளவு குறுகிய காலத்தில் பணம் திரும்பும் கதவு எத்தனை நாள் திறந்திருக்கும் என்பதைக் கவனமாகப் படியுங்கள்.

பல்கலைக்கழகத்தில் இரண்டு பாடம் எடுத்து ஒன்றை விட்டால் அது ‘ட்ராப்’. நான்காம் வகுப்பு நாள் வரை அந்தப் பாடத்தின் முழுப் பணமும் திரும்பும். எடுத்ததே ஒரு பாடம்தான், அதையும் விடுகிறீர்கள் என்றால் அது ‘வித்ட்ரா’. அதற்கு அளவு வேறு: முதல் நாளுக்கு முன் 100 சதவீதம், முதல் மூன்று நாள் 80, நான்கு முதல் ஆறு வரை 50, ஏழாம் நாள் முதல் ஒன்றுமில்லை. 1,200 டாலர் கட்டியவருக்கு மூன்றாம் நாள் 960, ஆறாம் நாள் 600, ஏழாம் நாள் கைவிரிப்பு. ஒரே நான்காம் நாள், ஒருவருக்கு முழுப் பணம், இன்னொருவருக்குப் பாதி. கோடையில் பெரும்பாலோர் ஒரு பாடம்தான் எடுப்பார்கள் என்பதால் பாதிக்காரர்களே அதிகம்.

கம்யூனிட்டி காலேஜில் ஐந்து வாரப் பருவம் என்றால் தொடங்கும் முன் 100 சதவீதம், முதல் ஐந்து நாள் 70, ஆறாம் நாள் 25, பிறகு இல்லை.

‘வகுப்பு நாள்’ என்பது உங்கள் வகுப்பு கூடும் நாள் அல்ல, கல்லூரியில் வகுப்புகள் நடக்கும் நாள். திங்கள் அன்று பருவம் தொடங்குகிறது, உங்கள் வகுப்போ செவ்வாய், வியாழன் மட்டும் என்றால், இரண்டாம் முறை நீங்கள் உட்காரும்போதே நான்காம் நாள் வந்துவிட்டது. சிலபஸைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றால் அவகாசம் அவ்வளவுதான்.

இன்னொரு சட்டமும் இங்கே குறுக்கிடும். 2007 இலையுதிரிலோ அதற்குப் பிறகோ கல்லூரியில் சேர்ந்த இளநிலை மாணவர், டெக்ஸாஸ் அரசுக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் சேர்த்து, மொத்தம் ஆறு பாடத்தைத்தான் ட்ராப் செய்யலாம். கணக்கெடுப்பு நாளுக்குள், அதாவது கோடையில் நான்காம் நாளுக்குள், விட்டால் அது கணக்கில் வராது. எல்லாப் பாடத்தையும் விட்டு வித்ட்ரா செய்தாலும் வராது. ஆக ஒரே பாடம் எடுத்தவர் பணத்தில் இழக்கிறார், ஆறில் ஒன்றை இழப்பதில்லை. இரண்டு எடுத்து ஒன்றைத் தாமதமாக விட்டவர் பணத்தையும் இழந்து, ஆறில் ஒன்றையும் இழக்கிறார்.

ஏற்கெனவே இரண்டு முறை எடுத்துவிட்ட பாடத்தை மூன்றாவதாக எடுத்தால் கூடுதல் கட்டணம் வைக்கக் கல்லூரிக்கு உரிமை உண்டு. கால்குலஸ்காரர்கள் இதை மனதில் வையுங்கள்.

வகுப்பு எப்படி இருக்கும்?

மூன்று கிரெடிட் பாடம் என்றால் 48 மணி நேர வகுப்பு. திங்கள் முதல் வியாழன் வரை ஐந்து வாரம் என்றால் நாளுக்கு ஏறத்தாழ இரண்டரை மணி. ஒரு மணி வகுப்புக்கு இரண்டு மணி வீட்டுப் படிப்பு என்ற வழக்கமான கணக்கைப் போட்டால் மொத்தம் 144 மணி, வாரத்துக்கு 29 மணி. ஒரு பாடத்துக்கு. இரண்டு எடுத்தால் 58. வேலைக்கும் போய்க்கொண்டு இரண்டு பாடம் எடுக்கலாம் என்பவர்கள் இந்தக் கூட்டலை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

கணக்கில் கால்குலஸ் ஒன்றைக் கோடையில் எடுக்கலாம். கால்குலஸ் மூன்று என்ற பாடத்தையும் எடுக்கலாம். கால்குலஸ் இரண்டை மட்டும் எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. தொகையிடும் முறைகள் ஊறித்தான் கைக்கு வரும், ஊறுவதற்கு ஐந்து வாரம் போதாது. முடிவிலாத் தொடர்கள் கடைசிப் பத்து நாளில் வந்து, டெய்லர் தொடர் முடியும்போது இறுதித் தேர்வு நிற்கும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் பத்து வாரப் பருவத்தில் எடுங்கள். கோடை ஒன்றில் கால்குலஸ் ஒன்று, கோடை இரண்டில் கால்குலஸ் இரண்டு என்று தொடராகப் பதிகிறவர்கள், முதலாவதில் கிரேடு குறைந்தால் இரண்டாவதிலிருந்து நீக்கப்படுவார்கள் என்பதை அறிந்து பதியுங்கள். இரண்டுக்கும் நடுவில் சில நாட்களே இருக்கும், அதற்குள் பணத்தைத் திரும்பக் கேட்டாக வேண்டும்.

வரலாறு நம்மவர்களை வேறு விதமாகச் சோதிக்கும். 1301 பொதுவாக உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுகட்டமைப்புக் காலம் வரை, 1877 வரை போகும். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் இலவசப் பாடநூலில் அது முதல் 16 அத்தியாயம். இருபது வகுப்பில் பதினாறு அத்தியாயம் என்றால் தினமும் ஒன்றைப் படிக்காமல் தூங்கக் கூடாது. மனப்பாடம் கைகொடுக்காது. ஒரு கடிதத்தையோ அடிமை விற்பனை விளம்பரத்தையோ கொடுத்து, எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எதை மறைக்கிறார் என்று கேட்பார்கள். மதிப்பெண் வாதத்துக்கு, தேதிக்கு அல்ல. பிறர் வாக்கியத்தைக் குறிப்பிடாமல் எடுத்தாள்வது இங்கே கடும் குற்றம்.

பதியும் முன் ஒரு காரியம் செய்யலாம். அரசுக் கல்லூரிகள் இளநிலைப் பாடங்களின் சிலபஸைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று 2009-இல் வந்த சட்டம் சொல்கிறது. அதே ஆசிரியரின் போன கோடை சிலபஸைத் தேடி எடுத்து எத்தனை தேர்வு, எத்தனை கட்டுரை, தாமதத்துக்கு எவ்வளவு கழிப்பார் என்று பாருங்கள். ஆன்லைன் வகுப்பு என்றாலும் கணிதத் தேர்வை மையத்துக்கு நேரில் வந்து எழுதச் சொல்பவர்கள் உண்டு. ஜூனில் ஊருக்குப் போக டிக்கெட் போட்டவர்கள் இந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

8. பொது நிர்வாகம்: படிப்பைவிட இன்டர்ன்ஷிப்தான் சிக்கல்

தமிழில் எழுதினால் இதுவும் எம்.பி.ஏ. (MPA), வணிக நிர்வாகமும் எம்.பி.ஏ. (MBA). அதனால் பொது நிர்வாக முதுகலை என்றே சொல்வோம். அங்கீகாரத்துக்கு, இந்தப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பான நாஸ்பாவின் பட்டியலைப் பாருங்கள்.

கோடையில் பொதுவாக பட்ஜெட், ஆய்வு முறைகள், அமைப்புக் கோட்பாடு போன்ற பாடங்கள் நடக்கும். ஆய்வு முறைகளில் புள்ளியியல் வரும். அடிப்படை தெரியாதவர்கள் அதைக் குறும்பருவத்தில் எடுக்க வேண்டாம். வேறு பல்கலைக்கழகத்தில் எடுத்து மாற்றுவது முதுநிலையில் அரிது, துறைத் தலைவரின் கையெழுத்து இல்லாமல் நடக்காது.

கோடையின் உண்மையான பயன் இன்டர்ன்ஷிப். டெக்ஸாஸ் நகராட்சிகளின் நிதியாண்டு பெரும்பாலும் அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. சொத்து மதிப்பீட்டுப் பட்டியல் ஜூலை 25-க்குள் சான்றாகி வரும், அதை வைத்து ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பட்ஜெட் முடிவாகும். ஜூன், ஜூலையில் பட்ஜெட் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒரு முழுச் சுற்றைக் கண்ணால் பார்த்துவிடுவார். சட்டமன்றம் வேண்டுமென்றால் கோடை உதவாது. அது ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜனவரியில் கூடி 140 நாளில் கலைந்துவிடும். கூட்டாட்சி அரசின் வேலைகள் பெரும்பாலும் குடிமக்களுக்கு மட்டுமே என்பதால் எஃப்-1 மாணவர்கள் அங்கே நேரத்தை வீணாக்காமல் நகராட்சி, கவுன்டி, தொண்டு நிறுவனங்களைத் தேடுங்கள்.

எஃப்-1 மாணவர் இதற்கு சி.பி.டி. (படிப்பின் பகுதியாக வேலைப் பயிற்சி பெறுவது) அனுமதி வாங்க வேண்டும். ஒரு கல்வியாண்டு முழுநேரம் முடித்திருக்க வேண்டும். படிப்பே உடனடிப் பயிற்சியைக் கட்டாயமாக்கினால் முதுநிலைக்கு விலக்கு உண்டு. வேலைக் கடிதத்தில் நிறுவனத்தின் முகவரி, தொடங்கும் தேதி, முடியும் தேதி, வாரத்துக்கு எத்தனை மணி, என்ன வேலை என்பவை இருக்க வேண்டும். பிறகு இன்டர்ன்ஷிப் பாடத்தில் பதிவு (ஆம், சம்பளமில்லா வேலைக்கும் நீங்கள்தான் ட்யூஷன் கட்டுகிறீர்கள்), பிறகு துறையின் கையெழுத்து, பிறகு சர்வதேச அலுவலகம். சி.பி.டி. அச்சான புது ஐ-20 கையில் வந்து, அதில் உள்ள தேதி வந்த பிறகுதான் முதல் நாள். ‘சும்மா அறிமுகத்துக்கு வாருங்கள்’ என்று மேலாளர் முன்கூட்டி அழைத்தாலும் போகாதீர்கள். முழுநேர சி.பி.டி. பன்னிரண்டு மாதம் ஆனால் பிறகு ஓ.பி.டி. (படிப்பு முடிந்தபின் வேலை செய்யும் அனுமதி) கிடைக்காது.

நகராட்சிகள் பின்னணிச் சோதனை செய்யும், மெதுவாகச் செய்யும். மே மாதம் தேடத் தொடங்கினால் ஜூலை நடுவில்தான் நாற்காலி கிடைக்கும். பிப்ரவரியில் விண்ணப்பியுங்கள்.

9. முடிந்த பிறகு

வெளிக் கல்லூரியில் எடுத்த பாடம் தானாக உங்கள் பல்கலைக்கழகத்துக்கு வராது. டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பக் கோரும்போது ‘கிரேடு பதிவான பின் அனுப்பு’ என்ற கட்டத்தைக் குறியுங்கள். குறிக்காவிட்டால் அன்றே அனுப்பிவிடுவார்கள், அதில் கோடைப் பாடம் ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்று இருக்கும், இன்னொரு முறை பணம் கட்ட வேண்டும். நூலக அபராதமோ பார்க்கிங் அபராதமோ பாக்கி இருந்தால் அனுப்புவது தடைபடக்கூடும்.

கோடை இரண்டு ஆகஸ்ட் நடுவில் முடிகிறது, இலையுதிர் வகுப்பு ஒன்றிரண்டு வாரத்தில் தொடங்குகிறது. கால்குலஸ் ஒன்றின் கிரேடு அதற்குள் போய்ச் சேராவிட்டால் கால்குலஸ் இரண்டிலிருந்து உங்களை நீக்கக்கூடும். கிரேடு தெரிந்த அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அட்வைசருக்கு அனுப்பி, அதிகாரப்பூர்வமானது வந்துகொண்டிருக்கிறது என்று எழுதுங்கள். ஆகஸ்டில் பட்டம் வாங்குபவர்கள் டிரான்ஸ்கிரிப்ட் சேர வேண்டிய கடைசி நாளைக் கேட்டுவிட்டுத்தான் கோடை இரண்டில் பதிய வேண்டும். அந்த நாள் தவறினால் பட்டம் டிசம்பருக்குப் போகும், அதையொட்டி ஓ.பி.டி. தேதிகளும் நகரும்.

இரண்டு வாரம் கழித்து டிகிரி ஆடிட் அறிக்கையைத் திறந்து, பாடம் ‘அமெரிக்க வரலாறு’ என்ற கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறதா, ‘பிற விருப்பப் பாடங்கள்’ என்பதன் கீழ் கிடக்கிறதா என்று பாருங்கள். கீழே கிடந்தால், மார்ச்சில் வாங்கிய அந்த மின்னஞ்சலை இணைத்து அட்வைசருக்கு அனுப்புங்கள்.